ரேடியோகிராபர் ஆகணுமா? முதலில் கல்லூரியைப் பாருங்கள்

லாபிஸில் படிவம் 5 முடித்த பிள்ளைகள், "சார், சமூகக் கல்லூரியில் ரேடியோகிராபர் படிப்பு இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கூகளில் தேடினால் 'இருக்கு' என்றுதான் வரும். ஆனால் அது அமெரிக்கா. அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து, தேசியத் தேர்வு எழுதி வேலைக்குப் போகலாம். நம் நாட்டுச் சமூகக் கல்லூரி தொழில்திறன் கற்றுத்தருவது. எக்ஸ்ரே அறைக்கு அதுவழி போக முடியாது.

இங்கே சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் 3 ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். யு.கே.எம்., யு.ஐ.டி.எம். போன்றவற்றில் பட்டப்படிப்பும் உண்டு. எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் கோட்டை விட்டுடாதீங்க.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: "இந்த டிப்ளோமாவை வைத்துப் பதிவு பெற முடியுமா?" 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி இது பதிவு தேவைப்படும் தொழில். அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேர்ந்தால் கடன்தான் மிஞ்சும்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. தலைகீழ் இருமடி விதியை வார்டில் எடுக்கும் எக்ஸ்ரேயோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்குத் தள்ளி நின்றால், மேலே படும் கதிர் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஈயக் கவசம் போட்டாலும் ரேடியோகிராபர் விலகி நிற்பது அதனால்தான். 3 மீட்டரில் எவ்வளவு? பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.