பட்டணத்தில் ஒரு பலகாரக் கடை

சொந்த ஊரில் ஜீவனத்துக்கு வழியில்லை என்று கண்டு, ஒரு துணிப்பையும் தெரிந்தவர் எழுதிக் கொடுத்த விலாசமுமாகச் சென்னையில் வந்து இறங்குகிற இளைஞனுக்கு, மற்றத் தொழில்களைக் காட்டிலும் ஓட்டல் தொழில் அருகில் இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சேர்ந்த அன்றைக்கே வயிற்றுக்குச் சோறும் இரவில் படுக்க ஓர் இடமும் அங்கே கிடைத்துவிடுகின்றன. சான்றிதழை யாரும் கேட்பதில்லை. சில மாதங்கள் கழிந்ததும், நாமே ஒரு கடை வைத்தால் என்ன என்ற ஆசை அவன் மனத்தில் எழுவதும் இயல்புதான். அந்த ஆசையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் வீட்டுச் சமையலின் ருசி ஒன்றையே மூலதனமாக நம்பிக் கடன் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலை உண்டாகிறது.

உடுப்பிப் பக்கத்திலிருந்து 1920-களில் சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணராவின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. பிறருடைய சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனில் ஒரு சிறு கடையைத் தவணையில் பணம் கட்டித் தமதாக்கிக்கொண்டு, பிறகு மவுண்ட் ரோடில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸை நடத்தி, 1938-இல் ராயப்பேட்டையில் ஒரு பழைய மாளிகையை எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தவர் அவர். காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம் என்று நகரவாசிகளுக்குக் காட்டிய கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 1962-இல் வந்தது. முதலில் அவரிடம் பணம் இருக்கவில்லை. எச்சில் இலை எடுப்பதிலிருந்து கல்லாவில் உட்காருவது வரை உள்ள ஒவ்வொரு வேலையும் என்ன கேட்கும், என்ன கொடுக்கும் என்ற அநுபவம் இருந்தது. அந்த அநுபவத்தை மதித்துத் தவணைக்குக் கடையை ஒப்படைக்க ஒருவர் முன்வந்தார் என்பதையும் மறக்கலாகாது.

அந்த நாட்களில் புதிதாக வந்த பையனைப் பெரும்பாலும் ஆட்டுக்கல்லின் முன் உட்கார வைப்பார்கள். கோயம்புத்தூரில் 1950-களில் மாவரைக்கும் இயந்திரம் தோன்றிய பிறகு கைவலி தீர்ந்ததே தவிர, மாவின் சுபாவம் மாறவில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று கணக்குச் சொல்லிவிடலாம். ஆனால் பொங்க அரைத்த உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்பதும், சித்திரை வெயிலில் இரவு பத்து மணிக்குக் கரைத்த மாவு விடியுமுன் பொங்கி வழிந்துவிடும், மார்கழியிலோ மாலையிலேயே கரைத்து அடுப்படியின் கதகதப்பில் வைத்தாலன்றி ஏழு மணி இட்லி கல்லாகிவிடும் என்பதும், மாவுப் பாத்திரத்தோடு ஓராண்டு உறவாடியவனுக்கே விளங்கும். வீட்டில் இட்லி ஒரு நாள் சரியாக வராவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. கடையில் இரண்டு நாள் தவறினால் வாடிக்கைக்காரர் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்.

சமையலுக்கு அடுத்தபடி, மிச்சத்தை ஆளுகிற சாமர்த்தியம் வேண்டும். காலையில் மீந்த இட்லி உப்புமாவாவதும், புளிப்பு ஏறிய மாவு சாயங்காலம் வெங்காய ஊத்தப்பமாவதும் சிக்கனம் மட்டுமல்ல, அந்தத் தொழிலின் உயிர்நாடி. விற்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்குச் செலவு அடங்காவிட்டால், வாடகையும் சம்பளமும் காஸ் சிலிண்டரும் மீதியை விழுங்கிவிடும். கடை நிறையக் கூட்டம் இருந்தும் கல்லா காலியாக இருக்கும் விந்தையைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்சல் டப்பாவின் விலையையும், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் எடுத்துக்கொள்ளும் கமிஷனையும் கணக்கில் சேர்க்காமல் விலைப் பட்டியல் எழுதுகிறவர், விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் கைப்பணத்தை இழக்கிறார்.

கடைக்கு முன்பணம் கொடுக்க இயலாதவர்கள் தள்ளுவண்டியில் தொடங்குகிறார்கள். அவர்களைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மட்டுமே பார்த்து விரட்டி வந்த நகரங்களுக்கு, 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் வேறொரு கடமையை விதித்தது: வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று வழங்க வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நடைபாதையில் அடுப்பு மூட்டி இட்லி அவிக்கும் பெண்மணிகள் எத்தனையோ பேர் உள்ள ஊரில், அந்தக் கடைசி விதி மிகவும் நியாயமானது என்றே கருதுகிறேன். பிணையில்லாமல் கடன் தரும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியதும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறிய வியாபாரிகளுக்குப் பெரிய உரிமத்துக்குப் பதில் எளிய பதிவே போதும் என்று வைத்திருப்பதும் இவர்களுக்கு உதவும் ஏற்பாடுகளே.

ஆகவே, ஒரு நல்ல ஓட்டலில் ஓராண்டாவது வேலை பார்த்துத் தோசைக்கல்லையும் கணக்கையும் பழகிக்கொண்ட இளைஞர், வண்டிக்கு அச்சாரம் கொடுப்பதற்கு முன்னால் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குச் சென்று, எந்தத் தெருவில் வியாபாரத்துக்கு அனுமதி உண்டு, எந்தத் தெருவில் தடை உண்டு என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது.