தரையோடும் தரைக்கணக்கும்

புதிதாகக் கட்டிய வீட்டில் ஓர் அறை, நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.4 மீட்டர். அதன் தரையில் 600 மில்லிமீட்டர் பக்க அளவுள்ள சதுரத் தரையோடுகளைப் பதிக்க வேண்டும். எத்தனை ஓடுகள் வாங்குவது? கடைவழக்கில் 'டைல்ஸ்' எனப்படும் இவற்றுக்கான கணக்கு, கீழ்வகுப்புகளில் நாம் கற்ற பெருக்கலும் வகுத்தலுமே. ஆயினும் வளர்ந்தவர்களும் இதில் தவறுகின்றனர்.

முதலில் அலகுகளை ஒன்றாக்க வேண்டும். 1 மீட்டர் என்பது 1000 மில்லிமீட்டர். எனவே, ஓட்டின் பக்கம் 0.6 மீட்டர். அதன் பரப்பளவு 0.6 × 0.6 = 0.36 சதுர மீட்டர். சிலர் மில்லிமீட்டரிலேயே பெருக்கி 3,60,000 சதுர மில்லிமீட்டர் எனக் கண்டு, அதனை 1000 ஆல் வகுத்து 360 சதுர மீட்டர் என எழுதிவிடுவர். அப்படியானால் ஒரே ஓடு பல வீடுகளின் தரையை மூடிவிடும்! நீளத்திற்கு ஆயிரம் எனில், பரப்பிற்கு ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கிய பத்து இலட்சம் என்பதை மறந்ததன் விளைவு இது. நீளத்தை முதலில் மாற்றிக்கொண்டு பிறகு பெருக்கினால் இத்தவறு நேராது.

இதே ஓட்டைக் கடைக்காரர் 'இரண்டுக்கு இரண்டு' என்பார். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாடு மெட்ரிக் முறையை ஏற்றுக்கொண்டபோதும், கட்டடத் தொழிலில் அடியும் சதுர அடியும் இன்றும் வழக்கில் உள்ளன. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். ஆகவே இரண்டடி 609.6 மில்லிமீட்டர்; ஓடோ 600 மில்லிமீட்டர். நான்கு சதுர அடி எனக் கருதப்படும் ஓடு, உண்மையில் ஏறத்தாழ 3.875 சதுர அடியே.

இனி அறைக்கு வருவோம். பரப்பளவு 4.2 × 3.4 = 14.28 சதுர மீட்டர். அதனை 0.36 ஆல் வகுத்தால் 39.67, முழு எண்ணாக்கினால் 40. பெட்டிக்கு நான்கு ஓடுகள் எனில், பத்துப் பெட்டிகள். தேர்வுத்தாளில் இவ்விடை போதும். ஆனால், ஓடு மாவைப் போன்றதன்று. வேண்டிய இடத்தில் நிரவிக்கொள்ள இயலாது.

பதிப்பவர் எண்ணும் முறையைப் பாருங்கள். நீளவாக்கில் 7 ஓடுகள் அமைகின்றன. அகலவாக்கில் 5 முழு ஓடுகள் 3 மீட்டரை மூடியபின், 40 சென்டிமீட்டர் எஞ்சுகிறது. அங்கே வைக்க ஓர் ஓட்டை வெட்டினால் மிஞ்சுவது 20 சென்டிமீட்டர்த் துண்டு. அது அடுத்த 40 சென்டிமீட்டர் இடைவெளிக்குப் போதாது. இரு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் தரையில் ஒட்டு தெரியும். ஆதலால், ஒவ்வொரு வரிசைக்கும் ஆறாவதாக ஒரு முழு ஓடு தேவை. மொத்தம் 7 × 6 = 42. அறையின் அகலம் 3.3 மீட்டராக இருந்திருப்பின், ஓட்டைச் சரிபாதியாக வெட்டி இரு பாதிகளையும் பயன்படுத்தலாம். 39 ஓடுகளே போதும். அங்கே பரப்பளவுக் கணக்கும் அதே விடையைத் தரும்.

ஆக, நமக்குப் பதினொரு பெட்டிகள் வேண்டும். கூடுதலாகும் இரண்டு ஓடுகள் உடைவுக்கு ஈடாகும். பத்துப் பெட்டிகளோடு நின்றவர் மீண்டும் கடைக்குச் செல்லும்போது, அதே பெயருடைய ஓடு வேறொரு தொகுதியைச் சேர்ந்ததாகக் கிடைக்கக்கூடும். நிறச்சாயல் சற்றே வேறுபடும். பெட்டியின்மேல் சாயல் எண்ணை அச்சிடுவது இதனால்தான். என் வீட்டு முன்னறையில் கதவோரம் இரண்டு ஓடுகள் இன்றும் வெளிறித் தெரிகின்றன. பரப்பளவை மட்டும் வகுத்துப் பட்டியல் எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

மிஞ்சிய ஏழு துண்டுகளையும் எறிந்துவிட வேண்டா. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் பதினான்கு கிடைக்கும். அவை 8.4 மீட்டர் நீளத்திற்குச் சுவரின் அடிப்பகுதியில் பதிக்கப் பயன்படும். அறையின் சுற்றளவு 15.2 மீட்டர்; கதவு 0.9 மீட்டர். எஞ்சிய நீளத்திற்கு இன்னும் எத்தனை பட்டைகள் தேவைப்படும் எனக் கணக்கிட்டுப் பாருங்கள்.