தீ ஒரு நாட்டில், புகை உலகமெல்லாம்... தெரியுமா?

சளி பிடித்தால் தேய்த்துக்கொள்கிறோமே நீலகிரித் தைலம், அந்த மரத்தின் சொந்த ஊர் ஊட்டி இல்லை, ஆஸ்திரேலியா! மூக்கடைப்பைத் திறக்கும் அதே எண்ணெய்தான், காட்டில் தீப்பிடித்துவிட்டால் மரத்தையே தீப்பந்தமாக்கிவிடுகிறது.

2019-20 கோடையில் அங்கே எரிந்த பரப்பு ஏறக்குறைய 2.4 கோடி ஹெக்டேர். பிரிட்டன் மொத்தமும் சேர்ந்தால் அவ்வளவுதான்! 'கறுப்புக் கோடை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீடுகள் மட்டும் 3,000-க்கு மேல் சாம்பல். கோஸ்பர்ஸ் மலைப்பகுதியில் விழுந்த மின்னல் மூட்டிய ஒரே தீ, 5 லட்சம் ஹெக்டேரை விழுங்கியது.

மின்னலால் தீ வரும், சரி. தீயால் மின்னல் வருமா? வரும்! கொதிக்கும் புகை ஜிவ்வென்று மேலே ஏறி, இடிமேகமாகத் திரள்கிறது. அப்பாடா, மழை என்று அண்ணாந்து பார்த்தால், தூறல் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். இறங்குவது மின்னலும் சூறைக்காற்றும்தான். அந்த மின்னல் இன்னொரு காட்டைக் கொளுத்தும்!

அப்படி மேலேறிய புகை 30 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டியது. அங்கே 1,000 கிலோமீட்டர் அகலச் சுழலாகவே சுற்றியது. நியூசிலாந்தின் வெள்ளைப் பனியாறுகள் பழுப்பேறின. பசிபிக் கடலைக் கடந்து சிலி, அர்ஜென்டினா வரை வானம் மங்கியது. சாம்பலிலிருந்த இரும்புச்சத்து தென்கடலில் உரமாக விழ, ஆஸ்திரேலியாவைவிடப் பெரிய பரப்பில் நுண்பாசி செழித்தது. காடு எரிந்து கடலுக்கு எரு! இதை லாபக் கணக்கில் எழுதுவதா, என்ன?

இறந்ததோ இடம்பெயர்ந்ததோ, பாதிக்கப்பட்ட விலங்குகள் சுமார் 300 கோடி. நாம் படத்தில் பார்த்துக் கண்கலங்கியது கோலாக்களை. ஆனால் அந்தக் கணக்கில் 246 கோடி, பல்லி, பாம்பு போன்ற ஊர்வன! அவற்றுக்காக யார் அழுதார்கள்?

பணக் கணக்கு இன்னும் விசித்திரம். சில திராட்சைத் தோட்டங்களில் ஒரு கொடிகூடக் கருகவில்லை. பழமும் பார்க்க நன்றாகவே இருக்கும். புகை பட்டிருந்தால் போதும், ஒயினாக நொதிக்கும்போதுதான் சாம்பல் கிண்ணத்தை நக்கியதுபோன்ற சுவை வெளியே வரும். அத்தனை உழைப்பும் வீண்! சாலை அடைபட்டு, மின்சாரம் போய், கறந்த பாலைக் கீழே கொட்டிய பண்ணைக்காரர்களும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்களிடம் கேட்கப்பட்ட இழப்பீடு மட்டும் 230 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். காப்பீடே இல்லாதவர்கள் இழந்தது இதில் வராது.

2020 புத்தாண்டு நாளில் உலகிலேயே மிக மோசமான காற்று எந்த ஊரில் தெரியுமா? டெல்லி இல்லை, கான்பெரா! தீ நெருங்காத தெருக்களிலும் புகை நுழைந்தது. புகையால் வந்த உடல்நலச் செலவு ஏறக்குறைய 195 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

தீயில் நேரடியாக உயிரிழந்தவர்கள் 33 பேர். புகையால் உயிரிழந்தவர்கள் 400-க்கும் மேல்.