ஊர் இருக்கிறது, விலாசம் எங்கே?

“ஒரு தடவை ஊருக்குப் போய் வரவேண்டும்.” அந்நாளில் தோட்டத்து லயங்களில் இந்தச் சொல் கேட்காத வீடே இல்லை. பிள்ளை குட்டிகள் இங்கேயே பிறந்து வளர்ந்து, பால்மரக் காட்டிலேயே தலை நரைத்தாலும், பெரியவர்களுக்கு ‘ஊர்’ என்றால் அது தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காடு ஜில்லாக்களில் இருந்த ஏதோ ஒரு சிற்றூர்தான்.

ஊருக்குப் போவது அன்று எளிதான காரியமல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நம்மவர்களைச் சுமந்தது. நம் மக்களுக்கு மேல்தட்டில் பாய் விரித்துப் படுக்கும் பயணம்தான். பின்னர் ‘சிதம்பரம்’ கப்பல் வந்தது. 1985-ல் அதில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது.

ஊருக்குப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியுமா? சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் பணம் சேர்ப்பார்கள். கைலி, சேலை, டார்ச் லைட்டு, கோடாலித் தைலம் என்று பெட்டி நிறையும். திரும்பி வந்து பல மாதம் கடன் அடைத்தவர்கள் உண்டு. ஆனாலும் உறவு அறுந்து போகாமல் காத்தது அந்தப் பெட்டியல்ல. வருடத்திற்கு இரண்டு முறையாவது போய் வந்த கடிதம்தான்.

உறவு விட்டுப்போனது எப்படி?

முதல் அடி 1930-களின் தொடக்கத்தில் விழுந்தது. ரப்பர் விலை சரிந்ததும் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அடுத்தது ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. பிறகு 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்களில் சுமார் 60,000 பேர் தமிழகம் திரும்பினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலாயா மண்ணில் பிறந்த பிள்ளைகள் பலர் அன்று முதன்முதலாகத் தமிழ்நாட்டைப் பார்த்தார்கள்.

கடைசியாக, தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபோனார்கள். வீடு மாறும்போது பழைய டிரங்குப் பெட்டியும், அதிலிருந்த கடிதக் கட்டும் குப்பைக்குப் போயின.

இன்று கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சி. போக வசதி இருக்கிறது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் கோயில் குளம் பார்த்து, துணிமணி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பத்து மைல் தள்ளி இருக்கும் சொந்தத் தாத்தாவின் தம்பி மக்களைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

தேடுவதற்குச் சில வழிகள்

பழைய கடிதம் ஒன்றாவது அகப்பட்டால் உறையைப் பாருங்கள். தபால் முத்திரையில் தபாலாபீசின் பெயர் இருக்கும்.

ஜில்லாப் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-ல் பெரம்பலூரும் கரூரும் தனி மாவட்டங்களாயின. சேலத்திலிருந்து 1997-ல் நாமக்கல் பிரிந்தது. தஞ்சாவூரிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. தென்னாற்காடு, வடஆற்காடு என்ற பெயர்களில் இப்போது மாவட்டமே இல்லை. ஒன்று கடலூர், விழுப்புரம் என்றும், மற்றது வேலூர், திருவண்ணாமலை என்றும் பிரிந்து, பிறகு மேலும் பிரிந்தன. ஆகவே தாலுகாவைக் கேட்டு வையுங்கள். புதூர், நல்லூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. தாலுகாவும் பக்கத்து டவுனும் தெரியாமல் கண்டுபிடிக்க முடியாது.

கங்காணிமார் தம் சொந்த ஊருக்குப் போய் உற்றார் உறவினரையே திரட்டி வந்தார்கள். அதனால் ஒரே தோட்டத்தில் ஒரே ஊர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். உங்கள் வீட்டில் தெரியவில்லையென்றால், அந்தத் தோட்டத்திலிருந்த வேறு பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குலதெய்வத்தின் பெயர் என்ன, கோயில் எந்த ஊரில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பூர்வீக ஊரிலோ பக்கத்திலோ இருக்கும். தாத்தாவின் பட்டப்பெயரையும், எந்த வகையறா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கார்டில் கிராணி எழுதிய பெயரைச் சொன்னால் கிராமத்தில் யாருக்கும் தெரியாது. “மலாயாவுக்குப் போன இன்னார் பேரன்” என்று பட்டப்பெயரைச் சொன்னால், திண்ணையில் இருக்கும் கிழவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

தாய்மார்களே, இளைஞர்களே! இந்த வேலைக்குக் காசு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஊர், தாலுகா, குலதெய்வம், உறவினர் பெயர் எல்லாவற்றையும் இந்த வாரமே எழுதி வையுங்கள். பயணத்தை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் கேட்பதை அப்படித் தள்ளிப்போட முடியாது.