ஃபார்மட் செய்யச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டியதும் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறதா? பழுதுபார்க்கும் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணிடலாம்." ஆய்வு மாணவர்களின் உழைப்பும் குடும்பப் படங்களும் இப்படித்தான் வீணாக அழிகின்றன. லாகின் முடங்கினாலும் உங்கள் கோப்புகள் ஹோம் அடைவில் அநேகமாக அப்படியே இருக்கும்.

'கடவுச்சொல் தவறு' என்று திரை சொல்கிறதா, எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். தவறு என்றால் கேப்ஸ் லாக்கையும் விசைப்பலகை மொழியையும் சோதியுங்கள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எந்த மொழியில் தட்டினாலும் பெட்டியில் விழுவது அதே புள்ளிகள்தான். எதுவும் சொல்லாமல் திருப்பினால் கடவுச்சொல் சரி, டெஸ்க்டாப் தொடங்குவதில்தான் சிக்கல்.

அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து வடிவ லாகின் வரும். உள்ளே நுழைந்து, சிறிய ஆங்கில எழுத்துகளில் டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, எச் எனத் தட்டி என்டர் கொடுங்கள். கடைசியில் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100% என்றிருந்தால் வட்டு நிரம்பியதே காரணமாக இருக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கு ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் உங்கள் டெஸ்க்டாப் திறக்காதபோதும், ரூட் உரிமையோடு இயங்கும் சூடோ கட்டளைகள் வேலை செய்கின்றன. லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கணினியின் பழைய நிலைகளைப் பிரதியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டை. மாதக்கணக்கில் அது சேர்த்த பிரதிகளில் பழையவற்றை அதன் கட்டளையாலேயே நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

இடம் இருந்தும் லாகின் சுற்றிக்கொண்டே இருந்தால், மின்டில் இன்னொரு காரணம் உண்டு. சூடோ போட்டு வரைகலை நிரல் எதையாவது இயக்கியிருந்தால், ஹோம் அடைவில் புள்ளியுடன் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பு ரூட்டின் பெயருக்குப் போயிருக்கலாம். அதன் பெயரை மாற்றி வைத்தால் போதும், அடுத்த லாகினில் புதியது உருவாகிவிடும். எழுத்துத் திரையே வராவிட்டால் பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸை இயக்கிக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். இதைச் செய்யாமல் ஃபார்மட் பேச்சே வேண்டாம்.

லாக்அவுட் தொங்கினாலும் அதே எழுத்துத் திரைக்குப் போய், லாகின்சிடிஎல் கட்டளையால் பழைய அமர்வை முடிக்கலாம். சேமிக்காத வேலை போய்விடும், அவ்வளவுதான். ஆனால் பலர் பயன்படுத்தும் கணினியில் பாதி லாக்அவுட்டோடு எழுந்து போகாதீர்கள்.

கடவுச்சொல் மறந்தவருக்கு, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் ரிக்கவரி வழி கைகொடுக்கிறது. அதே வழியில் உங்கள் மடிக்கணினியைத் திருடியவரும் நுழையலாம். இதற்குத் தடுப்பு, நிறுவும்போதே லக்ஸ் முறையில் வட்டைக் குறியாக்கம் செய்வது. அதைத் திறக்க நீங்கள் வைக்கும் கடவுச்சொற்றொடர் தொலைந்தால் உங்களாலும் திறக்க முடியாது. காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், 'தரவை அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கடவுச்சொல் கேட்டால் தற்காலிகமாக வேறொன்று வைத்துக் கொடுத்து, திரும்ப வாங்கியதும் மாற்றுங்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் உள்ள தகவலை அழித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரலாம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் குறை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.