பழைய கேமிங் கம்ப்யூட்டருக்குப் புத்துயிர் - 15 ஆயிரம் ரூபாய்க்குள்!

கேம் ஆடும்போது படம் விட்டு விட்டு ஓடுகிறதா? கடைக்காரரிடம் கேட்டால், "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்குங்க சார்" என்கிறாரா? அவசரப்படாதீர்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதையேதான் சொன்னார்கள்.

2015ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது. இன்டெல் கோர் ஐ5-4460 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2024 டிசம்பரில் தம்பி, பகுதி நேர வேலையில் சேர்த்த 15 ஆயிரம் ரூபாயை என்னிடம் கொடுத்து, "அண்ணா, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓடுற மாதிரி பண்ணிக் கொடு" என்றான். அது அவனுடைய ஆறு மாத உழைப்பு. அதில் ஆயிரம் ரூபாயை நான் முதல் வாரத்திலேயே வீணாக்கினேன். எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு வாங்குங்கள்

கேமை ஓட விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் டேபைக் கிளிக் செய்து பாருங்கள்.

* ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், தடை கிராபிக்ஸ் கார்டில்.
* சிபியு 100ஐத் தொட்டு, ஜிபியு 60ல் நின்றால், தடை பிராசசரில். அப்போது புதுக் கார்டு வாங்கியும் பெரிய பயன் இராது.
* மெமரி நிரம்பி, ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால், ராம் போதவில்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் ஜிபியு, மெமரி இரண்டுமே நிரம்பி வழிந்தன. பிராசசரில் இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்தது.

செலவில்லாத வேலை

மின் இணைப்பை எடுத்துவிட்டு கேபினட்டைத் திறந்து தூசியைத் துடையுங்கள். புளோயரால் ஊதும்போது மின்விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசர் மேலுள்ள பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். எனக்கு 150 ரூபாய் ஆனது. கேமின் நடுவே வேகம் குறைவது அதிலேயே பாதி நின்றது.

நான் செய்த தவறு

அடுத்து நேராகக் கார்டு வாங்கக் கிளம்பினேன். பழைய ஆர்எக்ஸ் 580 ஒன்று 6 ஆயிரத்துக்குக் கிடைத்தது. அந்தக் கார்டு 185 வாட் வரை இழுக்கும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயரே கிடையாது. கன்வர்ட்டர் போட்டு இணைத்தேன். கேம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் அணைந்தது. மூன்றாவது முறை கருகிய வாடை வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் பத்து ஆண்டு குடும்பப் படங்கள், பேக்கப் கிடையாது. கை நடுங்க சுவிட்சை அணைத்தேன். நல்ல வேளை, படங்கள் தப்பின. கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார்.

எஸ்எம்பிஎஸ் மேலிருந்த லேபிளை அதன் பிறகுதான் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். ஆனால் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர்தான்! 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. எனவே பெரிய எழுத்தை நம்பாதீர்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள்.

சரியான வரிசை

1. பேக்கப்: முக்கியமான பைல்களை வெளி டிரைவில் காப்பி செய்யுங்கள். இதற்குப் பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள்.

2. எஸ்எம்பிஎஸ்: 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்று உள்ள 450 வாட், புதியது - 2,700 ரூபாய். இதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

3. ராம்: இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3, பழையது - 900 ரூபாய். எச்81 போர்டில் இரண்டு ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. இரண்டு ராம் போட்டால் டூயல் சேனலில் ஓடும். 1600 வேக ராமில் நொடிக்கு 12.8 ஜிபியாக இருந்த உச்ச வேகம் 25.6 ஆகும்.

4. எஸ்எஸ்டி: 500 ஜிபி சாட்டா - 3,000 ரூபாய். இது பிரேம் எண்ணிக்கையைக் கூட்டாது. விண்டோசும் கேமும் திறக்கும் நேரத்தைக் குறைக்கும். இந்த கேமுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். போர்டில் 6 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட்டைப் பார்த்து இணைக்கவும்.

5. கிராபிக்ஸ் கார்டு: பழைய ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி - 6,500 ரூபாய். 75 வாட் போதும். தனி மின் இணைப்பு தேவைப்படாத மாடலாகப் பார்த்து வாங்கினேன்.

இங்கே ஒரு நுணுக்கம். எச்81 போர்டின் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் 4 லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை. பழைய ஸ்லாட்டில் அவற்றின் வேகம் அடிபடும். 1650க்கு 16 லேன் உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையையும் தவிர்த்தேன். அவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

பழைய கார்டு வாங்கும்போது கடையிலேயே 20 நிமிடம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமில் கார்டின் பெயரைச் சரிபாருங்கள். பழைய கார்டின் பயாசை மாற்றிப் புதிய பெயரில் விற்பவர்களும் உண்டு.

மொத்தச் செலவு 13,250. தண்டம் 1,000. மீதி 750ஐத் தம்பியிடம் கொடுத்தேன். மீடியம் செட்டிங்கில் கேம் 40 பிரேம் வரை ஓடுகிறது.

எங்கே நிறுத்த வேண்டும்?

இந்த போர்டில் நான்காம் தலைமுறை ஐ7 வரை போடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வருமா? எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு வரும். டிடிஆர்3 ராமும் பழைய பிராசசரும் வராது. எங்கள் செலவில் 12,200 ரூபாய் கூட வரும் பொருள்களுக்கே போனது.

இன்னொன்று. நான்காம் தலைமுறை பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாப்ட்டின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. எனவே இந்த மாதிரி கம்ப்யூட்டரைக் கேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைகளை வேறு கருவியில் செய்யுங்கள்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.