ஆரணிப் பட்டுக்கு அடியில் இன்னொரு நூல்: வேர்ப் பூசணம் என்ன செய்கிறது?

ஆரணின்னா பட்டு. பட்டுக்கு முன்னாடி புழு, புழுவுக்கு முன்னாடி மல்பெரி இலை. இலைக்கும் முன்னாடி, மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நூல் இருக்கிறது. அதன் பெயர் மைக்கோரைசா, விவசாயிகளுக்கு ‘வேம்’.

அது என்ன?

வேருக்குள் குடியிருக்கும் நுண்ணிய பூசணம். 1885-ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஃபிராங்க் இந்தக் கூட்டணிக்குப் பெயர் வைத்தார். ஆனால் உறவு பழசு: ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் புதைபடிவச் செடிகளிலேயே இது இருக்கிறது.

செடிக்கு என்ன லாபம்?

மணிச்சத்து மண்ணில் நகரவே நகராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டரை உறிஞ்சி முடித்தால், அவ்வளவுதான். பூசண இழைகளோ சில சென்டிமீட்டர் தாண்டிப் போய் அதைக் கொண்டுவரும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். கொடுக்கல் வாங்கல், கணக்கு சரி!

மல்பெரிக்கு உதவுமா?

உதவும். மத்தியப் பட்டு வாரியத்தின் மைசூரு ஆராய்ச்சி நிறுவனம் மல்பெரியில் இதைச் சோதித்து, ரசாயன மணிச்சத்தைக் குறைக்கலாம் என்று காட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்தின் நிலக்கடலைக்கும் பலன் உண்டு. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் பலன் குறைவு. பூசணத்துக்குக் காற்று வேணும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, கடுகுக்கு வாங்கிப் போட்டால் காசு வீண். இவை பூசணத்தோடு சேராத குடும்பம்.

எப்படிப் போடுவது?

உயிருள்ள வேர் இல்லாமல் இது வளராது. அதனால் மக்காச்சோள வேரில் பெருக்கி, வெர்மிகுலைட்டோடு கலந்து விற்கிறார்கள். நாற்றங்காலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண்ணில் 2-3 செ.மீ. ஆழத்தில், விதைக்குக் கீழே இட வேண்டும். வேர் அதைத் தொட்டால்தான் வேலை நடக்கும்.

எது கெடுக்கும்?

டிஏபி மூட்டையில் 46 சதவீதம் மணிச்சத்து. அதை அள்ளிக் கொட்டினால் ‘எனக்கே கிடைக்குதே’ன்னு செடி பூசணத்தைக் கைவிட்டுவிடும். அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுந்துபோகும். கார்பன்டாசிம் போன்ற பூசணக்கொல்லிகளும் இதைப் பாதிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வேம் உரம் அல்ல, உரத்தைக் கொண்டுவரும் ஆள். மண்ணில் சத்தே இல்லாவிட்டால் கொண்டுவர எதுவும் இருக்காது. ஊரில் நிலம் வைத்திருக்கும் அப்பாவுக்கு இதை அனுப்புகிறீர்களா? வேம் வாங்கும் முன் மண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று வந்தால், முதலில் மிச்சப்படுத்த வேண்டியது டிஏபி மூட்டையைத்தான்.